செருப்புப் போட்டுக்கொண்டு விளையாடச் சொன்னார்கள்

முதல் தரம் அந்தக் கம்பியூட்டர் எனக்குக் கரண்ட் அடித்தபோது நான் அதற்குத் திருப்பி அடித்தேன். அதன் இரும்பு முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி. மறுபடியும் முழங்கை வரை சுரீரென்று ஏறியது. "சனியனே, நாசமாப் போ!" என்று கத்தினேன். ஹெட்செட் தலையில் இருந்தது, மைக் திறந்திருந்தது. கனடாவில் தன்னுடைய அறையில், காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எனக்காக வந்து உட்கார்ந்திருந்த என் மகள், "அப்பா, என்னையோ ஏசுறீங்கள்?" என்று கேட்டாள்.

"உன்னையில்லையம்மா, கொம்பியூட்டரை" என்றேன். அது அவளுக்கு விளங்கவில்லை. "என்ன? என்ன?" என்றாள். என் குரலோடு சேர்ந்து ஓர் இரைச்சலும் அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது. மா அரைக்கும் மில்லுக்குள் நின்று கதைப்பது மாதிரி. அதற்கு மேலாலே கேட்க வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்தத்தான் வேண்டும். "உன்னையில்லை! கொம்பியூட்டரை! கொம்பியூட்டரை ஏசினனான்!" என்று கத்தினேன். "சரி அப்பா" என்றாள் அவள்.

நானும் அவளுடைய தாயும் பிரிந்த கதையை இங்கே எழுதப்போவதில்லை. அதைக் கேட்டு ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வதற்குச் சொந்தக்காரர் தாராளமாக இருக்கிறார்கள். பிள்ளை தாயோடு கனடா போய்விட்டாள். நான் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். வேலை கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கு வரும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கந்தோரில். நாள் முழுக்க அடுத்தவன் பெட்டிக்காக அதிகாரிகளோடு சண்டை பிடிப்பதுதான் என்னுடைய தொழில். ஆகவே என் குரல் கொஞ்சம் பெரிய குரல்தான்.

பிள்ளையோடு போனில் கதைப்பது என்ற பெயரில் வருடக்கணக்காக நடந்ததை யாராவது ஒட்டுக்கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். "சாப்பிட்டியோ?" "ஓம்." "என்ன சாப்பிட்டனி?" "பாண்." "பள்ளிக்கூடம் எப்பிடி?" "நல்லம்." அதற்குப் பிறகு என்ன கேட்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, வீடியோவில் அவள் கண் வேறெங்கோ போகும். "அம்மாட்டக் குடுக்கவோ?" என்பாள். அம்மாவிடம் கொடுத்து நான் என்ன கதைப்பது? போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பெற்ற தகப்பனுக்கு வெளிநாட்டிலிருந்து கடிதம் போடுகிற பேனா நண்பனுக்குள்ள மரியாதைகூட இல்லை என்று எரிச்சல் வரும். ஆனால் பிள்ளை மேல் எப்படிக் கோபிப்பது? அவள் போகும்போது சப்பாத்துக்கு முடிச்சுப் போடவும் தெரியாத வயது.

ஒரு நாள் அவளாகவே சொன்னாள், தான் ஒரு விளையாட்டு விளையாடுவதாக. கட்டைகளை வெட்டி எடுத்து அடுக்கி வீடு கட்டுகிற விளையாட்டு. "நீங்களும் வரலாம் அப்பா. ஒரே உலகத்துக்குள்ள ரெண்டு பேரும் நிக்கலாம்." கந்தோரிலிருந்து கொண்டுவந்த கிழட்டு லப்டொப்பில் அதை ஏற்றினேன். அவள் ஒரு சுவரைக் கட்டி முடித்தால் அது என் திரைக்கு ஆடி அசைந்து வந்து சேரும். நான் அந்த இடத்தில் வெறும் புல்வெளி என்று நினைத்து நடந்துகொண்டிருப்பேன். "அப்பா, நீங்கள் சுவருக்குள்ள நிக்கிறீங்கள்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அவளுடைய ஐந்து வயதுக்குப் பிறகு கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அவள் கதைத்தாள். கை கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்க, வாய் தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருக்கும். சிநேகிதி ஒருத்தி தன்னுடைய பிறந்தநாளுக்குக் கூப்பிடவில்லை, ஒரு ஆசிரியைக்கு மூக்கு எப்போதும் சிவந்திருக்கிறது, தனக்கு இருட்டில் இன்னும் பயம், அதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். போனில் ஒரு வருடம் கேட்டாலும் வராத கதைகள். சனிக்கிழமை அவளுக்குக் காலையில், எனக்குப் பொழுதுபடுகிற நேரத்தில், தாய் அனுமதித்த ஒரே ஒரு மணித்தியாலம். அதுதான் எனக்கும் பிள்ளைக்கும் இருந்த வீடு. வேறு இருக்கவில்லை.

"உங்கட லப்டொப் சரிவராது அப்பா. நல்லதொண்டு கட்டுங்கோ" என்று அவள்தான் உத்தரவு போட்டாள். கடையில் கட்டி வைத்ததை வாங்கக்கூடாது, நானே கட்ட வேண்டும். காற்றாடிகள் ஊதா நிறத்தில் எரிய வேண்டும். "ஏன் ஊதா?" என்றால், "என்ரையும் ஊதாதானே" என்றாள்.

சரியென்று காலி வீதியில் ஒரு மாடிக் கடையில் சாமான் வாங்கினேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் மனிதர், என்னைவிட மூத்தவர், நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். "மகனுக்கா தம்பி?" என்றார். "எனக்கு" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். இந்த வயதில் ஒரு ஆம்பிளை விளையாடுவதற்குக் கம்பியூட்டர் வாங்குவது ஏதோ கள்ளச் சாராயம் வாங்குவது மாதிரி. பார்த்தால் பார் என்று விட்டுவிட்டேன்.

அறையில் நிலத்தில் படுக்கைவிரிப்பை விரித்து, எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு கட்டினேன். பிராசஸரை இருத்தும்போது கேட்ட அந்த நெரிபடும் சத்தத்தில் ஒருதரம் உயிர் போய் வந்தது. கிராஃபிக்ஸ் கார்ட் பெட்டிக்குள் போக மறுத்தது, பிறகுதான் தெரிந்தது பின்பக்கத்துத் தகட்டை நான் கழற்றவேயில்லை என்று. எல்லாம் பூட்டி முடித்துப் பொத்தானை அமத்தினால் காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. மறுபடி அமத்தினேன், மறுபடி நின்றது. நாள் முழுக்க ஏசி, வேர்த்து, ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பூட்டி, கடைசியில் பார்த்தால் பிராசஸருக்குத் தனியாகப் போகிற கரண்ட் வயரை நான் பூட்டவில்லை. யாரை ஏசுவது? வயரை ஏசினேன்.

கீழ் வீட்டில் இருப்பவ வீட்டுக்காரருடைய தங்கச்சி, நான் அன்ரி என்று கூப்பிடுவேன். வீட்டுக்காரர் லண்டனில். அன்ரிதான் வாடகை வாங்குவது, தண்ணீர் மோட்டரைப் போடுவது, கேற்றைப் பூட்டுவது எல்லாம். நான் மேலேயிருந்து ஏசியது கேட்டுப் படியேறி வந்தவ, ஊதா வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றா.

"இதென்ன தம்பி, கோயில் சப்பறம் மாதிரி?"

"கொம்பியூட்டர் அன்ரி. பிள்ளையோட விளையாட."

"கண்டறியாத விளையாட்டு. கரண்ட் பில்லை நீர்தான் பாரும்" என்று சொல்லிவிட்டு இறங்கினா. காலில் கிடந்த ரப்பர் செருப்பு படி முழுக்கச் சடார் சடார் என்று அடித்துக்கொண்டு போனது.

அந்த வீட்டில் செருப்புக்கு ஒரு கதை உண்டு. வெளிச் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும், அதில் அன்ரி சரியான கண்டிப்பு. ஆனால் உள்ளே பிரிட்ஜுக்கு முன்னால் ஒரு சோடி ரப்பர் செருப்பு, வோஷிங் மெஷினுக்கு முன்னால் இன்னொரு சோடி. பிரிட்ஜைத் திறக்கிறவர் முதலில் அந்தச் செருப்புக்குள் காலை விட வேண்டும். அவவின் கால்களுக்கு ஏதோ வருத்தம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பியூட்டர் ஓடத்தொடங்கிய முதல் சனிக்கிழமையே தொல்லை தொடங்கிவிட்டது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது, பிள்ளை சுவர் கட்டக் கட்ட என் கண் முன்னாலேயே எழும்பியது. ஆனால் குரலில் அந்த இரைச்சல். தொட்டால் அடி. வெறுங்காலோடு நிலத்தில் நின்று பெட்டியின் பின்பக்கம் கை பட்டால் போதும். இதெல்லாவற்றையும் விட மோசம், நடுவிலே மவுஸ் செத்துவிடும். கீபோர்ட்டும் ஒருதரம் அணைந்து எரியும். அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேனோ அதை விளையாட்டுக்குள் நானாக நடமாடும் பொம்மை நிறுத்தாமல் செய்துகொண்டே இருக்கும்.

அப்படித்தான் அவளுடைய கூரையை எரித்தேன். அவள் பல கிழமையாகக் கட்டிய வீடு. மரக்கூரை, படிப்படியாக இறங்கும் கூரை, அதன் நுனிகளில் சின்னச் சின்ன விளக்குகள். உள்ளே அடுப்பு மூட்டச் சொல்லி என் கையில் நெருப்பைத் தந்திருந்தாள். நான் திரும்பும்போது மவுஸ் நின்றது. பொம்மை மேலே பார்த்தபடி நெருப்பை வைத்துக்கொண்டே நடந்தது. "அப்பா! அப்பா, என்ர கூரை! நிப்பாட்டுங்கோ!" "என்னால ஏலாதம்மா, மவுஸ் வேலை செய்யுதில்லை!" என்று நான் கத்த, அவளுக்கு அது ஒரு பெரிய இரைச்சலாகக் கேட்க, அவள் அழ, நான் மேசையில் குத்த, கூரை முழுக்க எரிந்து முடிந்தது. அவள் வெளியேறிவிட்டாள். திரையில் நான் மட்டும் கரிக்கட்டைகளுக்கு நடுவே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய தாயிடமிருந்து குரல் பதிவு வந்தது. வருடங்களுக்குப் பிறகு எனக்கென்று அவள் பதிந்து அனுப்பிய குரல். "பிள்ளைக்குத் தலையிடி வருது. நீங்கள் கத்துறது எனக்குக் குசினி வரைக்கும் கேக்குது. வாற சனிக்கிழமையும் இப்பிடியெண்டால் உந்த விளையாட்டை விடுங்கோ. எல்லாரையும் போல போனில கதையுங்கோ, காணும்."

காணுமாம். "சாப்பிட்டியோ", "ஓம்", "பாண்". அது போதுமாம். எனக்கு விசர் வந்தது. போனைக் கட்டிலில் எறிந்தேன். சுவரில் எறியாமல் விட்டதற்கு அந்தப் போனில்தான் பிள்ளையின் படங்கள் இருந்தன என்பதுதான் காரணம்.

அந்தக் கிழமை முழுக்க நான் மனிசனாக இருக்கவில்லை. கந்தோரில் ஒரு கண்டெய்னர்க்காரரோடு தேவையில்லாமல் கொளுவினேன். பின்னேரம் வந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். வேறு ஹெட்செட் இரவல் வாங்கினேன், அதே இரைச்சல். மவுஸை முன்பக்கத்தில் குத்தினேன், பின்பக்கத்தில் குத்தினேன், சாகிறது சாகிறதுதான். ராமைக் கழற்றி ரப்பரால் துடைத்துப் போட்டேன். எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து திரும்ப ஏற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. சரி, பவர் சப்ளைதான் பிழை, அந்த நானா பழைய சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவுக்கு வந்தேன்.

பெட்டியை ஓட்டோவில் ஏற்றி, மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி கடைக்குக் கொண்டுபோனேன். நானா அதை மேசையில் வைத்து, என்னுடைய ஹெட்செட்டையே பூட்டி, மைக்கில் கதைக்கச் சொன்னார். ஒரு இரைச்சல் இல்லை. பெட்டியைத் தடவிப் பார்த்தேன், அடிக்கவில்லை. மவுஸ் அது பாட்டுக்கு ஓடியது.

"சாமான்ல பிழ ஒண்டும் இல்ல தம்பி. இந்தா, நல்லாத்தானே ஈக்குது."

"இஞ்ச நல்லாத்தான் இருக்கும் நானா. வீட்டில அடிக்குது. கையில ஏறுது."

"வெறுங்காலோட நிக்கிறதா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "அப்ப அதுதான். செருப்பப் போட்டுக்கிட்டு வெளாடுங்க தம்பி. எங்கட வூட்டுலயும் அப்பிடித்தான். அயர்ன் பண்ணுற நேரம் பொஞ்சாதி செருப்பு இல்லாம தொடவே மாட்டா."

நான் அவருடைய முகத்தையே பார்த்தேன். பகிடி இல்லை, மனிதர் உண்மையாகவே சொல்கிறார். கம்பியூட்டர் விற்கிற மனிதர். கடை வாசலில் நின்றே கந்தோர் ஆட்களுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். ஒருவர் செருப்பு என்றார். இன்னொருவர் காலுக்குக் கீழே பலகை போடு என்றார். மூன்றாமவர், கால்மிதியை நாலாக மடித்துப் போட்டால் இன்னும் நல்லது, குளிர்ச்சியாகவும் இருக்காது என்றார். ஒருவர்கூட, ஏனப்பா அடிக்கிறது என்று கேட்கவில்லை. அடிக்கிறது என்றால் அடிக்கும், நீ செருப்பைப் போடு. கொழும்பில் இத்தனை வீட்டில் இத்தனை பேர் ரப்பர் செருப்புக்கு மேலே நின்றுதான் உயிர் வாழ்கிறார்கள் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. இதிலே பெருமை வேறு, தாங்கள் கண்டுபிடித்த மருந்து மாதிரி.

கடையிலிருந்து திரும்பிய அன்றே விஷயம் பிடிபட்டுவிட்டது. மேலே போகிற படி அன்ரியின் குசினிக்குப் பக்கத்தால். வெளிச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தேன். பாரம். முழங்கையை ஒருதரம் வோஷிங் மெஷினின் மூலையில் ஊன்றினேன். சுரீர் என்றது. அதே அடி, அதே ருசி, பல்லு வரைக்கும் போகிற அதே குத்து. பெட்டி கையிலிருந்து நழுவிக் காலில் விழப் பார்த்தது. கம்பியூட்டர் என் கையில், ஒரு வயரும் இல்லாமல், வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. அடித்தது வோஷிங் மெஷின்.

"செருப்பைப் போட்டுக்கொண்டு வாரும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்" என்றா அன்ரி, தேங்காய் துருவியபடி, தலை நிமிராமல்.

மேலே போய் மேசை லாச்சியில் கிடந்த டெஸ்டரை எடுத்தேன். கரண்ட் இருந்தால் பிடிக்குள்ளே சிவப்பாக எரியும், எல்லா வீட்டிலும் கிடக்கிற அந்த மெல்லிய ஸ்குரூ டிரைவர். கம்பியூட்டரின் வயரைப் பிளக்கில் குத்தி, சுவிட்சைப் போட்டு, அதன் முதுகில் வைத்தேன். எரிந்தது. கீழே வந்து பிரிட்ஜின் கைபிடியில் வைத்தேன். எரிந்தது. வோஷிங் மெஷினில் வைத்தேன். அப்படியொரு பிரகாசம். அன்ரி துருவுவதை நிறுத்திவிட்டு, "என்ன செய்யிறீர்?" என்றா. மெயினை நிறுத்திவிட்டு என் அறையின் பிளக் பொயின்டைக் கழற்றினேன்.

அதிலே மூன்று ஓட்டை. இரண்டு ஓட்டையால் கரண்ட் வரும், போகும். மேலேயுள்ள மூன்றாவது ஓட்டை எதற்கென்று எங்கள் ஆட்களைக் கேட்டால், இரண்டு கால் பிளக்கைச் செருகுவதற்காகப் பேனை மூடியைக் குத்தித் திறக்கிற ஓட்டை என்பார்கள். உண்மையில் அதுதான் எர்த். பெட்டியில் கசிகிற கரண்டை மனிதனின் உடம்பால் போகவிடாமல் மண்ணுக்குள் கொண்டுபோகிற வழி. அந்த ஓட்டைக்குப் பின்னால் ஒரு பச்சை வயர் வந்து பூட்டியிருக்க வேண்டும். பச்சை வயர் வந்துதான் இருந்தது. கட்டையாக வெட்டி, வளைத்து, சுவருக்குள்ளே தள்ளிவிட்டிருந்தது. அறுந்ததல்ல, வெட்டியது. சுத்தமான வெட்டு. அடுத்த பொயின்டைக் கழற்றினேன். அதிலும் அப்படித்தான். குசினியிலும் அப்படித்தான்.

அந்த வீட்டு வேலையெல்லாம் செய்கிற எலெக்ட்ரீசியனைப் போனில் பிடித்தேன். பாமன்கடையில் இருக்கிற சிங்கள மனிதர், பாஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவது. சிரித்துக்கொண்டே வந்தார். வெட்டின வயரைக் காட்டினேன். அவர் கூச்சப்படவே இல்லை. "நோனா தமாய் கபன்ன கிவ்வே, மஹத்தயா" என்றார். வெட்டச் சொன்னதே அன்ரிதானாம். வோஷிங் மெஷின் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது, அது விழுந்தால் வீடு முழுக்க இருட்டு, நாடகம் பார்க்க முடியவில்லை. எர்த்தை வெட்டினால் விழாது. வெட்டினார், விழவில்லை. நல்ல வேலை என்று நோனா குடிக்கப் பிளேன்ரீயும் கொடுத்தாவாம்.

படியால் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

"அன்ரி, உந்த எர்த் வயரை வெட்டச் சொன்னது நீங்களோ?"

"ஓம். அது சும்மா சும்மா விழுந்துகொண்டிருந்தது."

"சும்மா விழேல்லை! உங்கட மெஷினுக்குள்ள கரண்ட் கசியுது, ஆளைக் கொல்லப்போகுது எண்டு சொல்லித்தான் அது விழுந்தது! அந்தச் சுவிட்ச்சை வைச்சதே அதுக்குத்தான்! மெஷினைத் திருத்தாமல் வீடு முழுக்க எர்த்தை வெட்டுவியளோ? என்ன வேலை இது?"

"மெல்லக் கதையும். ரோட்டில போறவனுக்கும் கேக்குது."

"கேக்கட்டும்!"

"இவ்வளவு வருஷமா ஒருத்தரும் சாகேல்லையே தம்பி" என்றா அன்ரி. அமைதியாகச் சொன்னா. அந்த அமைதியில்தான் எனக்கு இன்னும் கோபம் ஏறியது. "எல்லாரும் செருப்புப் போட்டுக்கொண்டுதானே நிக்கிறம். உமக்கு மட்டும் என்ன?"

"சரி. இப்ப செருப்பைக் கழட்டிப்போட்டு இந்த மெஷினைத் தொடுங்கோ பாப்பம்."

அன்ரி என்னைப் பார்த்தா. மெஷினைப் பார்த்தா. கால் விரல்கள் செருப்புக்குள் சுருண்டன. "எனக்கென்ன விசரே?" என்றா.

"அப்ப தெரியுதுதானே! தெரிஞ்சுகொண்டுதானே இருக்கிறியள்!"

அவவுக்கும் கோபம் வந்துவிட்டது. அண்ணருக்குப் போன் எடுக்கப்போவதாகச் சொன்னா. எடுங்கோ, நானும் கதைக்கிறேன் என்றேன். எடுக்கவில்லை. கடைசியில், "உமக்கு வேணுமெண்டால் உம்மட அறைக்கு மட்டும் போடும். கீழ தொட விடமாட்டன். மறுபடியும் அது விழுந்துகொண்டு கிடக்கும்" என்றா. வீடு முழுக்கத் திருத்தலாம், பாஸ் இருக்கிறார், நான் இருக்கிறேன், ஒரு நாள் வேலை. ஆனால் விடமாட்டா. செருப்பு இருக்கிறதே. நான் அதற்கு மேல் மல்லுக்கட்டவில்லை. எனக்குச் சனிக்கிழமைக்கு முன்னம் என் அறை சரிவர வேண்டும்.

சனிக்கிழமை காலையிலேயே வருவேன் என்று பாஸ் சத்தியம் பண்ணினார். காலையில் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. போனை எடுக்கவும் இல்லை. நான் கேற்றடிக்கும் அறைக்கும் நடந்து நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் ஏசினேன். பின்னேரம் ஆறுதலாக, ஒரு அவசரமும் இல்லாமல் வந்தார். யாரோ சொந்தக்காரர் வீட்டுச் சாவீடாம். சாவீடு என்றவுடன் ஏசவும் முடியாது, அதுவும் ஒரு எரிச்சல். முற்றத்தில் பூச்சாடிகளுக்குப் பக்கத்தில் ஒரு செம்புக் கம்பியை மண்ணுக்குள் இறக்கினோம். அவர் அடிக்க நான் பிடித்தேன், பிறகு நான் அடிக்க அவர் பிடித்தார். கடல் மண் என்பதால் இலேசாக இறங்கியது. பச்சை வயரை மழைத்தண்ணீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டி மேலே ஏற்றி, யன்னலால் எடுத்து, என் அறையின் அந்த மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் பூட்டினோம். அன்ரி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

மெயினைப் போட்டுவிட்டு டெஸ்டரைப் பெட்டியின் முதுகில் வைத்தேன். எரியவில்லை. வெறுங்காலோடு நின்று உள்ளங்கையை முழுதாக வைத்தேன். ஒன்றும் இல்லை, வெறும் குளிர்ந்த தகடு. பாஸைக் கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது, இந்த வயரை முதலில் வெட்டினது நீதானே என்று கன்னத்தில் அறையலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் அனுப்பிவைத்தேன்.

ஹெட்செட்டை மாட்டினேன். அறுந்துவிட்டதோ என்று நினைக்கும்படியான அமைதி. மைக்கில் ஊதிப் பார்த்தேன், என் மூச்சு எனக்கே கேட்டது. வெளியே கடற்கரை ரயில் போனது, அதுவும் தெளிவாகக் கேட்டது. வேர்வையோடு, மண் பட்ட கையோடு அப்படியே உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தேன். எரிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புதுச் சுவர் நின்றது. அவள் தனியாகத் தொடங்கியிருக்கிறாள். இனி அவளுடைய தாய் என்ன சொல்லப் போகிறாள்? இரைச்சல் இல்லை, தலையிடி இல்லை. இந்த மணித்தியாலம் என்னுடையது. யாரும் எடுக்க முடியாது.

அவளுடைய பொம்மை வந்து நின்றது. ஹெட்செட்டுக்குள் ஒரு கதிரை இழுபடும் சத்தம், ஒரு கரண்டி கோப்பையில் படும் சத்தம். பிறகு, "ஹலோ அப்பா?" காதுக்குப் பக்கத்தில் நின்று கதைக்கிற மாதிரி. அவள் குரல் அவ்வளவு மெல்லியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் கத்தவில்லை. கத்தத் தேவையில்லை. "ஓம் செல்லம், அப்பா வந்திட்டன்" என்றேன், வீட்டுக்குள் பக்கத்தில் இருக்கிற பிள்ளையோடு கதைப்பது மாதிரி. "புதுச் சுவர் நல்ல வடிவா இருக்கு."

பொம்மை அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. கேட்கவில்லையோ என்று மைக்கை வாய்க்குக் கிட்ட இழுத்தேன்.

"பிள்ளைக்குக் கேக்குதோ? இப்ப இரைச்சல் இருக்கோ?"

"இல்லை. கிளியராக் கேக்குது" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, பயந்த குரலில், "அப்பா, உங்களுக்குச் சுகமில்லையோ?"

"இல்லையே. ஏன்?"

"மெல்லமாக் கதைக்கிறீங்கள்."

"சுகமாத்தான் இருக்கிறன் அம்மா."

அவள் நம்பவில்லை. எனக்கு அது கேட்டது. இப்போதுதான் எல்லாம் கேட்கிறதே. கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள். அம்மா கதைக்கிற விதத்திலேயே, எங்கேயும் பிழைக்காத நல்ல தமிழில், வருத்தக்காரரோடு கதைக்கிற பக்குவத்தில் சொன்னாள்:

"காய்ச்சலாத்தான் இருக்கும். நீங்கள் போய்ப் படுங்கோ அப்பா. பரவாயில்லை, நான் தனியக் கட்டுறன்."

நான் வாயைத் திறந்தேன். எவ்வளவு சத்தத்தில் பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.